எட்டாவது பாட்டு

அன்று பியானோ அங்கிளின் வீட்டுக்குள் இருந்தவர்கள் நான்கு பேர். அத்தை, அங்கிள், ரெக்கார்டிங் செய்ய வந்த அண்ணன், நான். வாசலில் வேனுக்குள் உட்கார்ந்திருந்த அப்பாவையும் சேர்த்தால் ஐந்து. அப்பாவை உள்ளே விடவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை ஒரு பாட்டு முடிகிற நேரத்தில் அவர் இருமிவிட்டார். லோரி ஓட்டுகிறவரின் இருமல், ஒன்றோடு நிற்காது. அந்தப் பாட்டை முதலிலிருந்து மறுபடி எடுக்க வேண்டியதாயிற்று. அதனால் இந்த வாரம் அவருக்கு வேனும் ஒரு பிளாஸ்க் டீயும்.

எனக்கு அப்போது பத்து வயது. நான் சத்தமே போடாத பிள்ளை என்பதால் என்னை உள்ளே விட்டார்கள். அது நல்ல குணமென்று எல்லாரும் சொன்னார்கள். உண்மையில் அது பயம். எதற்குப் பயம் என்று கேட்டால் எதற்கும்தான். கேஸ் அடுப்பை அணைத்தோமா, கேட்டைப் பூட்டினோமா, பள்ளி பஸ் என்னை விட்டுவிட்டுப் போய்விடுமா. பிறகு பதினைந்து வயதில், படிவம் மூன்றோடு நான் பள்ளியை விட்டபோது அந்த பஸ் கவலை ஒன்று மட்டும் தீர்ந்தது. மற்றதெல்லாம் இன்னும் என்னோடுதான் இருக்கிறது.

அத்தை அப்பாவின் தங்கை. கிள்ளானிலும் கோலாலம்பூரிலும் கல்யாண விருந்து வைத்தவர்களுக்கு அவரைத் தெரியாமல் இருக்காது. அவர் பாடிய ஒரு பாட்டு வானொலியில் ஓடாத நாள் இல்லை என்று ஒரு காலம் இருந்தது. பெண்ணும் மாப்பிள்ளையும் மண்டபத்துக்குள் நடந்து வரும்போது அந்தப் பாட்டுத்தான் வேண்டும் என்று கேட்பார்கள். கீபோர்டு, மேளம், ஐந்நூறு பேர் தட்டில் கரண்டி போடும் சத்தம், இத்தனைக்கும் மேலே அத்தை குரல் கேட்க வேண்டும். கேட்கும்.

பியானோ அங்கிள் சீனர். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸிலேயே பிறந்து வளர்ந்து, ஹோட்டல்களில் முப்பது வருஷம் ஜாஸ் வாசித்தவர். தமிழ்ப் பையன்களோடு பந்து விளையாடித் தமிழ் கற்றுக்கொண்டதால் வா, போவுக்கு மேல் மரியாதை அவருக்குத் தெரியாது; பேச்சின் கடைசியில் சீனர்கள் போடும் ‘லா’ வேறு. அத்தையை முதன்முதலாக “ஏய் சிஸ்டர், இங்க வா” என்று கூப்பிட்டபோது அப்பா சட்டைக் கையை மடக்கிவிட்டாராம். ஏதோ ஒரு ஹோட்டல் விருந்தில், இடைவேளையில், அத்தையின் அந்தப் பிரபலமான பாட்டையே அங்கிள் மிக மெதுவாக வாசித்திருக்கிறார். சாவு வீட்டுக்குப் போகிற மாதிரி இருந்தது என்று அத்தை எங்களிடம் சொல்லிச் சிரித்தார். சிரித்துவிட்டு இரண்டு நாள் தூங்கவில்லை. அதற்குப் பிறகுதான் இருவரும் சேர்ந்து ஓர் ஆல்பம் செய்வதென்று முடிவாயிற்று. எட்டுப் பாட்டு. ஒரு குரல், ஒரு பியானோ. வேறொன்றும் கிடையாது.

“ஒரு மேளம்கூட இல்லாமலா?” என்று அப்பா கேட்டார். “யாரும்மா கேப்பாங்க?”

“கேட்டா கேக்கட்டும், கேக்காட்டி போகட்டும்ணே. எனக்குப் பாடணும்.”

ஏழு பாட்டு எடுத்தாகிவிட்டது. எட்டாவதுதான் மிச்சம். அங்கிள் அந்த வாரம் பெர்த்தில் இருக்கும் மகளிடம் ஒரேயடியாகப் போவதாக இருந்தார். பியானோவை விற்றுவிட்டார். திங்கட்கிழமை காலையில் அதை ஏற்றிப் போக லோரி வருகிறது. ஆகவே இந்த ஞாயிறு விட்டால் இல்லை. அதே ஞாயிறு இரவு ஏழரைக்குக் கிள்ளானில் ஒரு கல்யாண விருந்து. பெண்ணின் அப்பா ஆறு மாதத்துக்கு முன்பே வீட்டுக்கு வந்து, வெற்றிலைத் தட்டு வைத்து, அத்தையிடம் சொல்லிவிட்டுப் போனவர். தன் மகள் உள்ளே நடந்து வருகிறபோது அத்தை நேரில் நின்று பாட வேண்டும், அவ்வளவுதான் அவர் கேட்டது. இரண்டு மணிக்குத் தொடங்கினால் நாலுக்கு முடியும், ஐந்துக்குக் கிளம்பினால் ஆறரைக்குள் கிள்ளான் என்று அத்தை சொன்னார்.

மைக்கை வைத்து முடிப்பதற்குள், மூன்று மணிக்கு மழை வந்தது.

வீட்டின் பின்பக்கம் தகரக் கூரை. அதில் விழுந்த மழைக்கு ரெக்கார்டிங் அண்ணன் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டார். ஐந்து மணி வரை உட்கார்ந்து பிஸ்கட் தின்றோம். சுவர்க் கடிகாரத்தை டிக் டிக் சத்தம் வருகிறதென்று அண்ணன் முன்பே கழற்றிக் குளியலறையில் வைத்திருந்தார். மணி பார்ப்பதற்காக நான் நாலு தடவை குளியலறைக்குப் போய் வந்தேன். ஐந்தாம் தடவை எழுந்தபோது அங்கிள் என்னை நிறுத்தினார்.

“வயிறு சரியில்லையா? அந்த பிஸ்கட் பழசு இல்ல லா.”

மழை விட்டதும் அத்தை தன் கைபேசியை என்னிடம் கொடுத்தார். சத்தம் வராமல் பார்த்துக்கொள், யார் கூப்பிட்டாலும் எடுக்காதே என்றார். திரைச்சீலைகளை இழுத்து மூடினார்கள். மின்விசிறியை நிறுத்தினார்கள். அத்தை பாடத் தொடங்கினார்.

அந்தப் பாட்டு அத்தையே எழுதியது. மழை விட்ட பிறகு ஒருத்தி பஸ்ஸுக்காக நிற்கிறாள். பஸ் வருகிறது. அவள் ஏறவில்லை. பாட்டு அவ்வளவுதான். முதல் நாலு வரி முடிவதற்குள் அங்கிள் கையை எடுத்துவிட்டார்.

“சிஸ்டர், யாருக்குப் பாடுற? மைக் இங்கதான் இருக்கு, கிள்ளான்ல இல்ல.”

அத்தை மறுபடி தொடங்கினார். அங்கிள் மறுபடி நிறுத்தினார். அத்தைக்கு மெதுவாகப் பாடத் தெரியாமல் இல்லை. ஆனால் மெதுவாகத் தொடங்கினாலும் மூன்றாவது வரியில் குரல் தானாக எழுந்து ஐந்நூறு பேரைத் தேடிக்கொண்டு போய்விடும். நடுவில் ரெக்கார்டிங் அண்ணன் வேறு, ஏதோ வண்டு மாதிரி சத்தம் கேட்கிறது என்றார். ஐஸ்பெட்டிதான் என்று முடிவுசெய்து அதை அணைத்தார். ஐஸ்பெட்டி இல்லை. என் மடியில் கைபேசி அதிர்ந்துகொண்டிருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. மெல்லத் தடவி அந்த அதிர்வையும் நிறுத்தினேன். அதற்குப் பிறகு வெளிச்சம் மட்டும் வந்து வந்து போனது.

ஆறு மணிக்கு ஜன்னல் ஓரமாகத் திரைச்சீலை கொஞ்சம் விலகிய இடத்தில் அப்பாவின் கை தெரிந்தது. முகம் இல்லை, கை மட்டும். கைக்கடிகாரத்தை இன்னொரு விரலால் தட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். அத்தை அதைப் பார்த்தார். நாற்காலியை ஜன்னலுக்கு முதுகு காட்டித் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

“அத்தை, போன்...” என்றேன் ஒரு இடைவெளியில்.

“மணி என்னா?”

“ஆறே முக்கால்.”

“இன்னும் ஒரு தடவ.”

அந்த ஒரு தடவை நாலு தடவையாயிற்று. பிறகு பள்ளிவாசலில் பாங்கு ஒலித்தது. அது முடியட்டும் என்று காத்திருந்தோம். வெளியே இருட்டிவிட்டது. அங்கிள் எழுந்து வந்து, நான் உட்கார்ந்திருந்த முக்காலியை என்னோடு சேர்த்து இழுத்து, அத்தையின் முழங்காலுக்கு எதிரே கொண்டுபோய் வைத்தார்.

“இதுக்குப் பாடு. வேற ஆள் இல்ல. மண்டபம் இல்ல. இது ஒண்ணுதான் ஆடியன்ஸ். இதுகூட கைதட்டாது, பயந்தாங்கொள்ளி.”

அத்தை சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார். அங்கிள் வாசித்தார். அத்தை பாடத் தொடங்கியபோது என் மடியில் வெளிச்சம் வந்தது. குனிந்து பார்த்தேன். பதினேழு அழைப்புகள். அதன் கீழே ஒரு செய்தி: “பொண்ணு வாசல்ல நிக்குது. எங்க இருக்கீங்க?”

எனக்குப் பாட்டே கேட்கவில்லை. பட்டுப்புடவையும் மாலையுமாக ஒரு பெண் கதவுக்கு வெளியே நிற்கிறாள், உள்ளே ஐந்நூறு பேர் திரும்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், பாட்டு வரவில்லை. இதுதான் என் கண்ணுக்குள் இருந்தது. போலீஸ் வருமா என்றும் ஒரு சந்தேகம். அத்தையைக் கூட்டிப் போய்விட்டால் அப்பா தனியாக எப்படிச் சமாளிப்பார். நான்தான் சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தால் பாட்டு கெடும், திறக்காவிட்டால் கல்யாணம் கெடும். அழுகை வந்துவிட்டது. சத்தமில்லாமல் அழுவது எனக்குப் பழக்கம்தான்.

அத்தை என்னைப் பார்த்துக்கொண்டே பாடினார். குரல் இறங்கியது. ஒரு இடத்தில் பாடாமல் கொஞ்சம் இருந்தார், பியானோவும் அவரோடு சும்மா இருந்தது, பிறகு இருவரும் ஒன்றாகக் கிளம்பினார்கள். முடிந்ததும் ரெக்கார்டிங் அண்ணன் ரொம்ப நேரம் கையைத் தூக்கியபடியே நின்றார். அங்கிள் பியானோவின் மூடியைச் சாத்தினார். “இதுதான் லா” என்றார். பிறகுதான் என்னைக் கவனித்தார். “பாரு, புள்ள அழுதுடுச்சு.”

அண்ணன் என் தலையைத் தடவிக்கொடுத்தார். பாட்டுக்கு அழுததாகவே எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். இல்லையென்று சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. கைபேசியை அத்தையிடம் நீட்டினேன். அவர் அதைப் பார்த்துவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வேனில் ஏறினார்.

கிள்ளான் போகும் ஃபெடரல் ஹைவே முழுக்க கார்களின் சிவப்பு விளக்கு. அப்பா இருமிக்கொண்டே ஓட்டினார். மண்டபத்துக்குள் போனபோது ஆட்கள் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பெண்ணின் அப்பா எங்களைப் பார்த்து நேராக வந்தார். இப்போது கத்தப் போகிறார் என்று நான் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“வாங்க. மொதல்ல சாப்பிடுங்க” என்றார்.

மூலையில் ஒரு மேசையில் உட்காரவைத்தார்கள். அங்கே இருந்த ஓர் ஆன்டி அத்தையை அடையாளம் கண்டுகொண்டு நாற்காலியை நெருக்கிப் போட்டார். பெண் வாசலில் முக்கால் மணி நேரம் நின்றதாம். கடைசியில் யாரோ ஒரு தம்பி தன் கைபேசியை ஸ்பீக்கரில் மாட்டி அத்தையின் பாட்டையே போட்டாராம். பெண் அதற்கு நடந்து வந்ததாம்.

“நல்லாத்தான் இருந்துச்சு. உங்களுக்கு உடம்பு முடியலன்னு பொண்ணோட அப்பா சொன்னாரு. இப்ப எப்படி இருக்கு?”

“பரவால்லக்கா” என்றார் அத்தை. பிரியாணியைப் பிசைந்து சாப்பிட்டார். பிறகு மேடைக்குப் போய்ப் பெண்ணின் கையைப் பிடித்தார். “வந்துட்டீங்களா ஆன்டி” என்றது அந்தப் பெண். படம் எடுக்கிறவர் சொன்னதும் இருவரும் சிரித்தார்கள். படம் எடுத்து முடிந்ததும் பெண் மாப்பிள்ளை பக்கம் திரும்பிக்கொண்டது.

அந்த ஆல்பம் வந்தபோது சொந்தக்காரர்களைத் தவிர யாரும் வாங்கவில்லை. சில வருஷம் கழித்துத்தான் ஆட்கள் அதைக் கைபேசியில் கேட்கத் தொடங்கினார்கள். இப்போது அத்தை என்றால் அந்த ஆல்பம்தான், அந்த ஆல்பம் என்றால் எட்டாவது பாட்டுத்தான். பேட்டிகளில் அத்தை தவறாமல் சொல்வார்: “என் அண்ணன் மக எதிர்ல உக்காந்து அழுதா. அன்னைக்குத்தான் நான் பாடக் கத்துக்கிட்டேன்.” கிள்ளான் பக்கம் மேருவில் நான் வேலை செய்யும் தொழிற்சாலையில், தமிழ்நாட்டிலிருந்து வந்த தம்பி ஒருவர் பேக்கிங் செய்துகொண்டே அதைப் போடுவார். எட்டாவது பாட்டு வந்தால் நான் தண்ணீர் குடிக்கப் போய்விடுவேன். இத்தனை பேரை ஏமாற்றியிருக்கிறோமே, எப்போது வெளியே வருமோ என்று இருக்கும்.

போன தீபாவளிக்கு அத்தை வீட்டில் நானும் அவரும் மட்டும் இருந்தபோது சொல்லிவிட்டேன். நான் பாட்டுக்கு அழவில்லை, கல்யாணத்துக்கு அழுதேன் என்று.

“தெரியும்” என்றார் அத்தை.

“எப்படித் தெரியும்?”

“போன் வெளிச்சம் உன் மூஞ்சியில விழுந்துக்கிட்டே இருந்துச்சு. எனக்கென்ன கண்ணு இல்லையா?”

“அப்புறம் ஏன் அத்தை நிறுத்தல?”

“நிறுத்தியிருந்தா அந்தப் பாட்டு இல்ல.”

முறுக்குத் தட்டை என் பக்கம் தள்ளினார். பெரியவர்கள் தப்பு செய்தால் தெரியாமல்தான் செய்கிறார்கள், நேரத்தோடு சொல்லிவிட்டால் நிறுத்திவிடுவார்கள் என்றே பத்து வயதில் நம்பியிருந்தேன். சொல்ல முடியவில்லையே என்றுதான் அன்று அழுதது. என் முகத்தில் எல்லாவற்றையும் படித்துவிட்டு, அதற்குப் பிறகும் ஒருவரால் அவ்வளவு மெதுவாகப் பாட முடியும் என்பது எனக்கு அப்போது தெரியாது. இப்போதும் முழுதாகத் தெரிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன்.

கல்யாணக்காரர் கொடுத்திருந்த முன்பணத்தைத்தான் ரெக்கார்டிங் அண்ணனுக்குக் கொடுத்ததாகவும் அத்தை அன்றைக்குச் சொன்னார். பெண்ணின் அப்பா திருப்பிக் கேட்கவில்லை. அத்தை கொடுக்கவும் இல்லை. என் சம்பளத்தில் மாதாமாதம் சேர்த்து நான் கொண்டுபோய்க் கொடுத்துவிடட்டுமா என்று கேட்டேன்.

“அது என் கடன்டி. நீ அதுல கை வைக்காத.”

நான் கை வைக்கவில்லை. அப்படியே இருக்கிறது, ஆயிரத்தைந்நூறு ரிங்கிட்.