அத்தை கையில் குடியிருந்தவை

நான் நாலாவது படிக்கும்போது பள்ளிக்கூடத்துக்கு ஒரு நர்சம்மா வந்தார். உள்ளங்கையைப் பெரிதாக்கிய படம் ஒன்றை லேப்டாப்பில் காட்டினார். எல்லாம் கிருமி, கோடிக்கணக்கில் இருக்கிறது, சோப்புப் போட்டுக் கழுவுங்கள் என்றார். எனக்குச் சோப்பின் மேல் நம்பிக்கை வரவில்லை. தண்ணீர்த் தொட்டிக்குப் போடும் பிளீச்சிங் பவுடரைக் கரைத்துக் கழுவ ஆரம்பித்தேன்.

அப்போது அத்தைக்குக் கல்யாணம் நிச்சயமாகி இருந்தது. அப்பாவின் தங்கை. சேவூரில் எங்களோடுதான் இருந்தாள். இந்த மாப்பிள்ளை வேண்டாம் என்று ஒரு தடவை அம்மாவிடம் சொன்னாள். "அதான் பேசி முடிச்சாச்சே" என்று அப்பா சொல்லிவிட்டார். அதோடு அந்தப் பேச்சு நின்றது.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். முகூர்த்தப் புடவையை எங்கள் தறியில்தான் நெய்வோம். தறியில் நீளவாக்கில் ஓடும் பழைய பாவு நூல்களின் நுனிகளோடு புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாக முறுக்கிச் சேர்க்க வேண்டும். அதைக் கல்யாணப் பெண்தான் செய்வாள். வேறு யாரும் தொடக் கூடாது. புடவை முடிந்தால்தான் கல்யாணம்.

அத்தை தறிக்குப் போகும்போது நான் மறித்தேன்.

"அத்த, உன் கையில கோடி கிருமி கீது. புடவைக்கு வந்துடும்."

"கோடியா? அத்தினி பேருக்கு எவடி சோறாக்கிப் போடறது?" என்று சிரித்தாள். ஆனாலும் கையை நீட்டினாள்.

நாலு நாள் கழுவிவிட்டேன். இரண்டு பேர் விரலும் வெடித்துச் சொரசொரப்பானது. சொரசொரப்பான விரலைப் பட்டு தாங்காது. அத்தை தொட்ட இழையெல்லாம் சிக்கி அறுந்தது. அப்பா வேலையை நிறுத்தினார்.

ஆரணி ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா இரண்டு பேர் கையையும் பார்த்தார்.

"எதப் போட்டுக் கழுவினீங்க?"

"பிளீச்சிங் பவுடருங்க. நான்தான் இவளுக்கும் கழுவிவிட்டேன்" என்றாள் அத்தை. நான் அவள் முதுகுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன்.

"கையில கீறதெல்லாம் கெட்டது இல்லம்மா. முக்காவாசி நம்ம கூடவே குடியிருக்கறது. கெட்டத அண்ட விடாது. தோல்ல கீற எண்ணெயோட அதுங்களயும் சேத்து தொரத்திட்டீங்க. சும்மா விடுங்க. பத்து நாள்ல திரும்பி வந்துடும்."

பத்து நாளில் என் கை ஆறியது. அத்தை கை ஆறவில்லை. ஒரு முகூர்த்தம் தாண்டியது. போளூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் போன் மேல் போன் போட்டார்கள். "இன்னா கையோ, ஒரே பேஜாரு" என்று அப்பா அலுத்துக்கொண்டார். இன்னொரு முகூர்த்தமும் போனதும் அவர்கள் வேறு பெண் பார்த்துக்கொண்டார்கள்.

அவ்வளவு நாளும் எனக்குப் பயம். என்னால் வந்த வினை. என் கைக்குத் திரும்பி வந்தவை அத்தை கைக்கும் போகட்டும் என்று, தினமும் பள்ளிக்கூடம் கிளம்புமுன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்காருவேன். அவள் கையில் பிளீச்சிங் வாசம் அடிக்கும்.

நான் கழுவிவிடுவதை நிறுத்தி ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. பழைய வாசம், இன்னும் போகவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.