அப்படி யாரும் எங்க வார்டுல இல்லைங்க

என் அண்ணி ஒரு நர்ஸ். இந்த நாலு வார்த்தையை அரசாங்கம் நம்புவதற்குள் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் போதும் போதும் என்றாகிவிட்டது.

நம்பாமல் இருக்க என்ன இருக்கிறது என்றுதான் எனக்குப் புரியவில்லை. எங்கள் வீட்டில் ஒரு காலைப் பொழுது வந்து இருந்தால் தெரிந்துவிடும். குளியலறையிலிருந்து வருகிறவர்களை மறித்து நாக்கை நீட்டச் சொல்வார். என் அண்ணன் சோபாவில் வாயைத் திறந்துகொண்டு தூங்கினால், பக்கத்தில் நின்று கடிகாரத்தைப் பார்த்து மூச்சை எண்ணிவிட்டுத்தான் நகர்வார். படுக்கை விரிப்பின் மூலையை மடித்து அவர் செருகினால், உள்ளே கால் நுழைக்க ஆள் பிடிக்க வேண்டும். வந்த விருந்தாளி யாராவது "கொஞ்ச நாளா முதுகு வலி" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டால் தொலைந்தார். காபி ஆறிப்போகும், கேள்வி முடியாது.

ஆனால் இந்த ஊரில் அவருக்குக் கிடைத்த வேலை ஒரு முதியோர் இல்லத்தின் சலவை அறையில் துணி மடிப்பது. மேல்மாடியில் மணி அடித்தால் கீழே இவருக்குக் கை பரபரக்கும். ஒரு முறை பொறுக்க முடியாமல் படியேறி ஓடி, மூச்சுத் திணறிய ஒரு பெரியவரை நிமிர்த்தி உட்கார வைத்துவிட்டார். மேற்பார்வையாளர் பாராட்டுக் கடிதம் கொடுத்தார். அனுமதியில்லாமல் நோயாளியைத் தொட்டதற்கு எச்சரிக்கைக் கடிதமும் கொடுத்தார். இரண்டும் ஒரே உறையில் இருந்தன.

சான்றிதழைக் காட்டினால் கதை முடிந்தது என்பீர்கள். அங்கேதான் சிக்கல். எங்கள் நாட்டில் அண்ணி முன்பு வேலை பார்த்த ஆஸ்பத்திரியில், சேருகிற அன்றைக்கே அசல் சான்றிதழ்களை வாங்கி அலுவலக பீரோவில் பூட்டி வைத்துக்கொள்வார்கள். நர்ஸுகள் பாதியில் வேலையை விட்டுப் போய்விடக் கூடாதாம். அந்த ஆஸ்பத்திரி மேல் குண்டு விழுந்தது. அண்ணி கட்டின துணியோடு தப்பினார். சான்றிதழ் மட்டும் விதிப்படி பீரோவிலேயே இருந்துவிட்டது.

இதை இங்கே நர்ஸுகளைப் பதிவு செய்கிற அலுவலகத்தில் போய்ச் சொன்னோம். இந்த ஊர்ப் பேச்சு எனக்கு ஓரளவு வரும் என்பதால் நான்தான் அண்ணிக்காகப் பேசினேன். கவுன்ட்டரில் இருந்தவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அந்த ஆஸ்பத்திரிக்குத் தாங்களே நேரடியாக எழுதிக் கேட்பதாகச் சொன்னார். எழுதினார்கள். சில மாதம் கழித்துப் போய் விசாரித்தேன்.

"அங்கேருந்து இன்னும் பதில் வரலைங்க. வந்தாத்தான் ஃபைல் நகரும்."

"பதில் எப்படி வரும்? கட்டடமே இல்லைங்களே!"

"அப்படின்னா, கட்டடம் இல்லைன்னு ஒரு லெட்டர் வேணும்."

"யார்கிட்டேருந்து?"

"ஆஸ்பத்திரி நிர்வாகத்துக்கிட்டேருந்துதான். அவங்க லெட்டர்ஹெட்ல."

நான் தையல்காரி. கத்தரிக்கோலைக் கடையிலேயே வைத்துவிட்டு வந்திருந்தது அவருடைய நல்ல காலம். அண்ணியோ பவ்யமாகத் தலையாட்டிவிட்டு வெளியே வந்தார். பஸ் நிறுத்தத்தில் நின்று யோசித்துவிட்டு, "எந்த லெட்டர்ஹெட் கேக்கறாங்க? நடுவுல ஒரு தடவை மாத்தினாங்களே" என்றார். அவருக்கு விதி என்றால் விதி. அதை யார் போட்டது, எதற்குப் போட்டது என்றெல்லாம் பார்க்க மாட்டார்.

பிறகு, ஆவணம் இல்லாத அகதி நர்ஸுகளுக்கென்று ஒரு தனி வழி திறந்தார்கள். அதில் சேர, ஆவணம் இல்லை என்பதற்கு ஓர் ஆவணம் கேட்டார்கள். வக்கீல் முன்னால் சத்தியம் செய்து அதையும் கொடுத்தோம். எழுத்துத் தேர்வு வைத்தார்கள். நடத்தை விதிப் புத்தகத்தை அண்ணி வரி விடாமல் உருப்போட்டுத் தேறினார். ஒரு பிளாஸ்டிக் பொம்மைக்கு ஊசி போடச் சொன்னார்கள். "லேசா சுருக்குன்னு இருக்கும், பயப்படாதே" என்று பொம்மைக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போட்டார். ஆறுதலுக்குத் தனி மதிப்பெண் உண்டாம்.

பாக்கி ஒன்றே ஒன்றுதான். அண்ணி நர்ஸாக வேலை பார்த்ததைக் கண்ணால் கண்ட ஒருவர், மூன்று பேர் கொண்ட குழுவின் முன்னால் வந்து சாட்சி சொல்ல வேண்டும். வருஷம் முடிவதற்குள் சாட்சி வராவிட்டால் ஃபைலை மூடிவிடுவார்கள். மூடினால் மூடினதுதான். ஆயுசுக்கும் துணி மடிக்க வேண்டியதுதான்.

அண்ணியோடு அதே ஆஸ்பத்திரியில் இருந்த இன்னொரு நர்ஸ் இந்த ஊரிலேயே இருக்கிறார். குட்டை சிஸ்டர் என்போம். அவரும் இதே மாதிரி சாட்சி தேடி அலைகிறவர். நர்ஸ் சாட்சி சொல்வதானால் அவர் இங்கே பதிவு பெற்றிருக்க வேண்டும். அண்ணி பதிவு பெற்றால் குட்டை சிஸ்டருக்குச் சொல்லலாம், குட்டை சிஸ்டர் பதிவு பெற்றால் அண்ணிக்குச் சொல்லலாம். கல்யாணம் ஆனால் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் என்கிற கதை. "யாராவது ஒருத்தருக்கு முதல்ல குடுத்துடுங்க, மிச்சத்தை நாங்க பார்த்துக்கறோம்" என்றேன். கவுன்ட்டர்காரர் நிஜமாகவே யோசித்தார். அதற்குப் படிவம் இல்லை என்றார். வேண்டுமானால் பழைய நோயாளி யாரையாவது கூட்டி வரலாம் என்றார்.

நோயாளியை எங்கே போய்த் தேடுவது? உலகத்தில் நாலு மூலைக்கும் சிதறிப் போன ஜனம். நான் கைவிட்டுவிட்டேன். அப்போதுதான் சாவி போடும் கடை வைத்திருக்கும் நம் ஆள் ஒருவர், புதுப் பேன்ட்டோடு என் தையல் கடைக்கு வந்தார்.

"இடது காலை மட்டும் ஒரு இஞ்ச் குறைக்கணுங்க."

"ஒரு காலை மட்டுமா?"

"காலே அப்படித்தாங்க. அங்க குண்டடி பட்டு எலும்பு முறிஞ்சது. ஒரு சிஸ்டர் மட்டும் இல்லைன்னா, அந்தப் பக்கத்துக்குப் பேன்ட்டே தேவைப்பட்டிருக்காது."

எந்த ஆஸ்பத்திரி என்றேன். சொன்னார். அந்த சிஸ்டர் எப்படி இருப்பார் என்றேன். "எப்பப் பார்த்தாலும் நாக்கை நீட்டு, நாக்கை நீட்டும்பாங்க" என்றார். குண்டூசியை விரலில் ஏற்றிக்கொண்டேன்.

விண்ணப்பதாரரும் சாட்சியும் முன்கூட்டிச் சந்திக்கக் கூடாதாம். சந்தித்தால் சொல்லிக் கொடுத்துக் கூட்டி வந்ததாகிவிடுமாம். அதனால் யார் என்று அண்ணியிடம் நான் மூச்சு விடவில்லை. சாட்சி கிடைத்துவிட்டது என்று மட்டும் சொன்னேன். எனக்கோ தலைகால் புரியவில்லை. பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று அண்ணனிடம் சொல்லிச் சொல்லி ஆடினேன்.

குழு கூடிய அறையில் ஒரு நீள மேஜை. நடுவில் தலைவி. ஒரு காலத்தில் வார்டில் நர்ஸாக இருந்தவராம். ஒரு பக்கம் சட்டம் தெரிந்த ஒருவர், இன்னொரு பக்கம் குறிப்பு எடுக்கிற ஒருவர். எங்கள் பக்கம், அவர்கள் அமர்த்திய மொழிபெயர்ப்பாளர். கல்வெட்டுக்குக் கைகால் முளைத்த மாதிரிப் பேசுவார். எனக்குத் "துணை நபர்" என்று ஓர் அட்டை கொடுத்தார்கள். துணை நபர் உட்காரலாம், பேசக் கூடாது.

சாவிக்காரரை உள்ளே கூப்பிட்டார்கள். அண்ணியைப் பார்த்ததும் அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. "சிஸ்டர்!" என்றார்.

அண்ணி அவரை ஒரு முறை பார்த்தார். அப்புறம் சுவரைப் பார்த்தார்.

"இந்நபரைத் தாங்கள் அறிவீர்களா?" என்று மொழிபெயர்ப்பாளர் கேட்டார்.

"இல்லைங்க."

"தங்கள் மருத்துவமனையில் இவர் சிகிச்சை பெற்றதுண்டா?"

"அப்படி யாரும் எங்க வார்டுல இல்லைங்க."

சாவிக்காரர் பதறிப் போய், பேன்ட்டை முழங்காலுக்கு மேல் சுருட்டித் தழும்பைக் காட்டினார். அண்ணி ஓரக் கண்ணால் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் ஆறியிருக்கு. யார் பார்த்தாங்களோ" என்றார்.

தலைவி கன்னத்தில் கை வைத்துக்கொண்டு யோசித்தார். நோயாளியின் விவரத்தை வெளியே சொல்லக் கூடாது என்ற விதியை மனதில் வைத்து இப்படிச் சொல்கிறாரோ என்று கேட்டார். உடனே சட்டக்காரர், அந்த விதி பதிவு பெற்ற நர்ஸுக்குத்தான், இவர் பெறவில்லை, ஆகவே தாராளமாகச் சொல்லலாம் என்றார். சொன்னால் விதியை மீறியவர் ஆகிவிடுவாரே, மீறியவரை எப்படிப் பதிவு செய்வது என்றார் தலைவி. சொல்லாவிட்டால் நர்ஸ் என்பதற்கு ஆதாரம் இல்லையே என்றார் சட்டக்காரர். இதில் எதை எழுதுவது என்று கேட்டார் குறிப்பு எடுக்கிறவர். மூவரும் எழுந்து தேநீர் குடிக்கப் போனார்கள்.

திரும்பி வந்தபோது ஒரு காகிதத்தோடு வந்தார்கள். தன்னைப் பற்றிய விவரத்தை வெளியிடச் சம்மதம் என்று நோயாளியே கையெழுத்துப் போட்டுவிட்டால் தொல்லை விட்டது. சாவிக்காரர் படிக்காமலேயே போட்டார். எனக்கு உயிர் வந்தது.

அண்ணி காகிதத்தை வாங்கி முன்பக்கம் பின்பக்கம் படித்தார். பிறகு சாவிக்காரரிடம் கையை நீட்டினார். "போட்டோ கார்டு இருக்கா?"

கொடுத்தார். அண்ணி கார்டைப் பார்த்தார், அவர் முகத்தைப் பார்த்தார், மறுபடி கார்டைப் பார்த்தார்.

"பேர் ஒத்துப் போகலை."

"அது எங்க அண்ணன் பேரு சிஸ்டர். வர்ற வழியில மாத்திப் பதிஞ்சுட்டாங்க. பிறந்த தேதியும் அவங்களா போட்டதுதான், ஜனவரி ஒண்ணு."

"இந்தப் பேர்ல, இந்தத் தேதியில எங்க வார்டுல யாரும் இல்லைங்க." கார்டைத் திருப்பிக் கொடுத்தார். "வேற ஏதாவது அசல் ஆவணம் இருந்தா எடுத்துட்டு வாங்க."

பேசக் கூடாது என்றுதான் அட்டையில் இருந்தது, கழுத்தை நெரிக்கக் கூடாது என்று இல்லை. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைக்கிறாரே! இத்தனை காலம் கவுன்ட்டரில் கேட்ட பேச்செல்லாம் போயும் போயும் இவர் வாயிலா ஒட்டிக்கொள்ள வேண்டும்? சட்டக்காரர் ஃபைலைத் தன் பக்கம் இழுத்தார். விண்ணப்பதாரருக்கும் சாட்சிக்கும் தொடர்பு நிறுவப்படவில்லை என்று அவர் சொல்ல, குறிப்பு எடுக்கிறவர் எழுதத் தொடங்கினார்.

சாவிக்காரர் நாற்காலியில் தளர்ந்து உட்கார்ந்தார். பிறகு, மொழிபெயர்ப்பாளரைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்.

"அன்னிக்கும் இதையேதான் சொன்னாங்க."

எல்லோரும் நிமிர்ந்தார்கள்.

"துப்பாக்கியோட வந்தாங்க. வார்டு வாசல்ல நின்னு என் பேரைச் சொல்லி, எங்கேன்னு கேட்டாங்க. எனக்குக் காலை இழுத்து எடை கட்டித் தொங்க விட்டிருந்தாங்க. சிஸ்டர் அந்தக் கயித்தை அறுத்து, என்னைத் தூக்கி அழுக்குத் துணி வண்டிக்குள்ள போட்டு, மேல துணியைக் குவிச்சுட்டு வாசலுக்குப் போனாங்க. அப்படி யாரும் எங்க வார்டுல இல்லைங்கன்னாங்க. இதே குரல்தான். அடிச்சாங்க. சத்தம் எனக்குக் கேட்டுச்சு. திரும்பவும் அதையேதான் சொன்னாங்க. எடையைப் பாதியில எடுத்ததாலதான் கால் ஒரு இஞ்ச் குறைஞ்சு போச்சு. ஆள் இருக்கேன்."

மொழிபெயர்ப்பாளர் சொல்லி முடிக்க நேரமாயிற்று. எனக்கு இது எதுவும் தெரியாது. அண்ணிக்கு முன்பல் ஒன்று பொய்ப்பல். குளியலறையில் வழுக்கி விழுந்ததாகத்தான் எங்களிடம் சொல்லியிருந்தார். அதை வைத்து நான் எத்தனையோ தடவை கேலி செய்திருக்கிறேன்.

அண்ணி முழங்கால் மேல் கை வைத்து, அதே சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

சாவிக்காரர் அவர் பக்கம் குனிந்தார். "சிஸ்டர், அவங்க போயிட்டாங்க. இனிமே சொல்லலாம்."

அண்ணி எழுந்தார். கதவைத் திறந்து வராந்தாவில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். கதவைச் சாத்திவிட்டு வந்து, உட்காராமல் நின்றபடியே, ஷிஃப்ட் முடிந்து அடுத்த நர்ஸிடம் வார்டை ஒப்படைக்கிற குரலில் தொடங்கினார்.

"பதினேழாம் கட்டில். ஆண், வயசு பத்தொன்பது. இடது தொடை எலும்பு முறிவு, எடை கட்டியிருக்கு. சாயந்திரமானா காய்ச்சல் வருது. முதுகுல புண் வராம திருப்பி விடணும். மாத்திரையை நாக்குக்கு அடியில ஒளிச்சு வெச்சு அப்புறம் துப்பிடுவான், நாக்கை நீட்டச் சொல்லிப் பார்க்கணும். ஊசின்னா ஊரைக் கூட்டுவான். அம்மாவைக் கேப்பான். வந்துட்டே இருக்காங்கன்னு சொல்லி வைக்கணும்."

கடை வைத்துப் பிழைக்கிற மனுஷன், முகத்தை மூடிக்கொண்டு விம்மினார். மொழிபெயர்ப்பு வரும் முன்பே தலைவி பேனாவை எடுத்திருந்தார். அந்தத் தோரணையை அவருக்கு யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை போலும். எழுதி முடித்துவிட்டு, தொழில் பழக்கத்தில் அடுத்த கேள்வியைக் கேட்டார்.

"ஏனைய படுக்கைகள்?" என்றார் மொழிபெயர்ப்பாளர்.

அண்ணி மேஜை மேல் இருந்த சம்மதக் காகிதத்தைப் பார்த்தார்.

"அவங்க யாரும் கையெழுத்துப் போடலைங்களே," என்றார். "இனிமே போடவும் முடியாது. அதனால அவங்களைப் பத்திச் சொல்லக் கூடாதுங்க."

மொழிபெயர்ப்பாளர் முன்னால் இருந்த டம்ளரை எடுத்தார். தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னார். தலைவி பேனாவை வைத்துவிட்டு எழுந்து நின்றார். எதற்கு நிற்கிறார் என்று தெரியாமல் சட்டக்காரரும் குறிப்பு எடுக்கிறவரும் எழுந்தார்கள். சாவிக்காரர் எழுந்தார். துணை நபரும் எழுந்தாள். தலைவி மொழிபெயர்ப்பாளரிடம் தணிந்த குரலில் ஏதோ சொன்னார்.

அண்ணி எங்கள் எல்லோரையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசியில் என்னிடம் திரும்பி, "என்னடி, ஃபெயிலா?" என்றார்.

"இல்லம்மா," என்றார் மொழிபெயர்ப்பாளர். "கொஞ்ச நாள் ஒருத்தர் மேற்பார்வையில, அப்புறம் முழுப் பதிவு. திங்கக்கிழமை ஆஸ்பத்திரிக்கு வந்துடச் சொல்றாங்க."

அண்ணி கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்தினார். மடித்து உள்ளே வைத்துக்கொண்டு, எந்த ஷிஃப்ட் என்று கேட்டார்.