முழங்காலில் பாய்த் தடம்

தாதி கட்டுத்துணியை அவிழ்த்தபோது, செயற்கை மூட்டு வைத்த என் முழங்காலில் தையல் தழும்பு வரிவரியாகத் தெரிந்தது. சின்ன வயதில் ஜெபம் முடிந்து எழும்பும்போது பன்பாய் பதித்துவிடும் தடமும் அப்படித்தான் இருக்கும்.

அப்பா மிஷன் மருந்துச்சாலையில் அப்போத்திக்கரி; மருந்து கலந்து கொடுத்து வைத்தியமும் பார்ப்பார். வாவிக்கரையில் வீடு. மாலை ஜெபத்தின் நடுவில் யார் கூப்பிட்டாலும் எழும்பக்கூடாது என்பது அவர் சட்டம். ஒருநாள் வாவியின் அக்கரையான படுவான்கரையிலிருந்து, பாம்பு கடித்த பெண்ணொருத்தியைத் தோணியில் கொண்டுவந்தார்கள்.

"ஐயா, கெதியா வாங்க ஐயா! மூச்சு இழுக்குது!" வேலிப் படலையில் நின்று புருஷன் கத்தினான்.

அப்பா குரலை உயர்த்தினாரே தவிர, ஜெபத்தை நிறுத்தவில்லை. ஆமென் சொல்லிவிட்டு மருந்துப் பெட்டியோடு ஓடினார். அவள் தோணியிலேயே அடங்கிவிட்டிருந்தாள்.

"கர்த்தருடைய சித்தம்," என்றார் அப்பா. புருஷனோ, மடித்துக் கட்டிய சாரனுக்குக் கீழே, அப்பாவின் முழங்காலில் இருந்த பாய்த் தடத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அவன் பார்வைதான் என்னை டொக்டராக்கியது. மிஷன் ஆஸ்பத்திரிகளிலேயே ஊழியம் செய்து கிழவியுமானேன்.

கட்டு மாற்றிய தாதி தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "நல்லா நடப்பீங்க டொக்டர். ஆனா ஜெபத்துக்கு இனி முழங்கால்ல நிக்க ஏலா."

"ஊழியத்துக்கு வந்த நாளில இருந்து நான் முழங்கால்ல நிண்டதே இல்ல, மகள்," என்றேன்.