உருகிய ஐஸில் முழுகப் போனவள்

அபாயா அங்கியை மாட்டக் கையைத் தூக்கியபோதுதான் இடது அக்குளில் கட்டி தட்டுப்பட்டது. பயாப்ஸியில் (சதைத் துணுக்கை எடுத்துப் பார்க்கும் சோதனை) மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்தது.

கீமோவுக்காக வலது கையில் பிக் லைன் (கை ரத்தநாளம் வழியாக இதயத்தருகே போகும் மெல்லிய குழாய்) போட்டார்கள். அது நனையவே கூடாது. நனைந்தால் கிருமி தொற்றும். அன்றிலிருந்து கையைப் பிளாஸ்டிக் தாளில் சுற்றி, ஒருபக்கம் சாய்ந்து, கப்பால் ஊற்றிக் குளித்தேன். முடி கொட்டியதுகூட அவ்வளவு உறுத்தவில்லை. இதே குழாயோடு இருப்பவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

நான் காயல்பட்டினத்துக்காரி. மார்க்கத்தில் கடமையான குளிப்பில் ஒரு முடியடிகூட நனையாமல் விடக்கூடாது என்று வளர்ந்தவள். கணவர் ஆறுதல் சொன்னார்.

"கட்டு மேல ஈரக்கையால தடவி, தயம்மும் செஞ்சுக்க புள்ள. நோயாளிக்குச் சலுகை இருக்குல்ல." (தயம்மும்: தண்ணீருக்குப் பதிலாக மண்ணால் செய்யும் சுத்தம்.)

சலுகை என்ற சொல்லைக் கேட்டாலே எரிச்சல் வந்தது. எனக்கு வேண்டியது தண்ணீர்.

நாங்கள் இருக்கும் துபாயிலேயே மகள் நஸ்ரின் ஒரு கலைக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். அங்கே ஒரு யூதப் பெண் கலைஞர், தன் மதத்தின் சடங்குக் குளத்தையே கலைப்படைப்பாகக் கட்டியிருந்தார். சுமந்து ஊற்றிய தண்ணீர் அதற்கு ஆகாதாம், மழைநீர் வேண்டுமாம். இந்த ஊரில் மழைக்கு எங்கே போவது? ஐஸ் பாளங்களை அடுக்கி, தானாக உருகவிட்டு நிரப்பியிருந்தார். பெண்களுக்கான நாளில், திரைக்குள் ஒவ்வொருவராக இறங்கி முழுகலாம். 'நீர் ஆற்றும்' என்று சுவரில் எழுதியிருந்தது.

கையை இறுக்கச் சுற்றிக்கொண்டு போனேன். கலைஞர் பிளாஸ்டிக்கைப் பார்த்துவிட்டார்.

"உம்மா, ஸாரி சொல்றாங்க," என்றாள் நஸ்ரின். "தண்ணிக்கும் பாடிக்கும் நடுவுல எதுவுமே இருக்கக் கூடாதாம். நெயில் பாலிஷ்கூட."

"நமக்கும் அதே சட்டம்தான்னு சொல்லு. நோயாளிக்குச் சலுகை உண்டான்னு கேளு."

எந்தச் சொல்லை வெறுத்தேனோ, அதையே கேட்டு நின்றேன். கலைஞரின் கண் கலங்கிவிட்டது.

"டியூபை எடுத்ததும் வரச் சொல்றாங்க. உங்களுக்காகத் தனியாத் திறப்பாங்களாம்."

நல்ல மனுஷிதான். அதனாலேயே ஆத்திரம் கூடியது. எனக்கு முன் முழுகியவர்கள் தலை துவட்டி செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு நோயும் இல்லாத உடம்புகள்! அவர்களுக்கு எதை ஆற்றியது அந்தத் தண்ணீர்?

அடுத்த ஸ்கேனில் மெட்டாஸ்டாஸிஸ் (புற்று வேறு உறுப்புகளுக்குப் பரவுதல்) தெரிந்தது. கல்லீரல். மருத்துவர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டபோதே எனக்குப் புரிந்துவிட்டது. கீமோ பலன் தரவில்லை, நிறுத்திவிடலாம், பிக் லைனையும் எடுத்துவிடலாம் என்றார். பிறகு, இனி நன்றாகக் குளிக்கலாம் என்றும் சொன்னார். அவரும் ஆறுதலாகத்தான் சொல்லியிருப்பார்.

கலைஞருக்குச் சொல்லவா என்று நஸ்ரின் கேட்டாள். வேண்டாம் என்றேன்.

காயம் ஆறியதும் ஷவருக்கு அடியில் நின்றேன். தண்ணீர் எல்லா இடத்தையும் தொட்டது. இத்தனை மாதம் அடுத்த கீமோ எப்போது என்பதுதான் எனக்குக் காலண்டர். இப்போது எந்தத் தேதியிலும் எனக்கு வேலை இல்லை.

"வெளிய வா புள்ள, சளி பிடிச்சுக்கப் போவுது," என்றார் கணவர் கதவுக்கு வெளியிலிருந்து.

சளிக்குப் பயப்படச் சொல்கிறார். சிரிப்பு வந்தது. ஷவரை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டேன்.