தொண்ணூறு டிகிரியில் வெந்த சான்றிதழ்

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்து அக்கா தன் கல்விச் சான்றிதழைப் போர்வைகளோடு போட்டுத் துவைத்துவிட்டார் என்று லிஃப்ட்காரர் சொன்னார். புத்தி பேதலித்துவிட்டது என்று இலவச இணைப்பும் கொடுத்தார். பத்திரிகைக்காரன் புத்தி; விசாரிக்கப் போனேன்.

துவைத்தது உண்மைதான். லேமினேஷன் ஓரமெல்லாம் சுருண்டிருந்தது. அதிகாரியின் கையெழுத்து மட்டும் அசையவில்லை.

"அவரு எதுக்கும் அசைய மாட்டாரு சார்" என்றார் அக்கா, போர்வையை உதறி மடித்துக்கொண்டே.

வயது நாற்பத்து நான்கு. பதினோரு வருடமாக ரத்தமும் சீழும் படிந்த துணிகளைக் குனிந்து பிரித்து மூட்டை கட்டியதில் இடுப்பு போய்விட்டது. மெஷின் ஓட்டும் வேலை கிடைத்தால் நிமிர்ந்து நிற்கலாம். அதற்குச் சான்றிதழ் வேண்டும். பிறகு, மெஷின் அறைச் சுவரில் ஒட்டியிருக்கும், எந்தத் துணிக்கு எத்தனை டிகிரி என்னும் அட்டவணையைப் படித்து ஓட்டிக் காட்ட வேண்டும்.

எட்டு மாதம், வேலை முடிந்த கையோடு, முதியோர் வகுப்புக்கு நடந்தார். அங்கே பாடப் புத்தகத்தில் அணில் மரம் ஏறியது. பிறகு இறங்கியது. சலவைக்கூடத்தில் அணில் கிடையாது.

மூன்றாம் மாதம் அக்கா ஒரு தாளை நீட்டினார். மெஷின் அறையைப் பெருக்கப் போன நாட்களில், அட்டவணையின் எழுத்துகளைக் கோலம் போடுவதுபோலப் பார்த்துப் பார்த்து வரைந்தது.

"இதச் சொல்லிக் குடுங்க வாத்தியாரே. அணில் பாவம், கொஞ்சம் ஓய்வெடுக்கட்டும்."

"பாடத்திட்டத்துல இல்லையேம்மா. குடுங்க, பாத்துட்டு நாளைக்குத் தர்றேன்."

அந்த 'நாளை' இன்னும் விடியவில்லை.

எட்டாம் மாதம் சான்றிதழ் கிடைத்தது. மெஷின் சோதனை நாளில் அக்கா எண்களைப் படித்தார். 'கிருமிநீக்கம்' என்ற சொல்லில் நின்றுவிட்டார். "சான்றிதழ் இருக்கு, படிக்கத் தெரியலையா? எவ்வளவு குடுத்து வாங்குனீங்க?" என்று மேலாளர் கூடமே கேட்கக் கத்தினார். அன்று மதியமே சான்றிதழ் அழுக்கு மூட்டைக்குள் போனது.

கல்வி அலுவலகத்துக்குப் போனேன். தொண்ணூற்றேழு சதவீதம் வெற்றி என்று பலகை சொன்னது. மீதி மூன்று சதவீதம் யார் என்றேன். வகுப்புக்கே வராதவர்களாம். வந்து உட்கார்ந்தால் வெற்றி! வகுப்பு நாற்காலிகளுக்கும் ஆளுக்கொரு சான்றிதழ் கொடுத்திருக்கலாம். எட்டு மாதமும் ஒரு நாள் தவறாமல் வந்தவை.

வாத்தியாரை வராந்தாவில் மடக்கினேன்.

"அந்தத் தாளா? 'சிறந்த கற்றல் முயற்சி'ன்னு கண்காட்சியில வைக்க மேலிடத்துல வாங்கிட்டுப் போயிட்டாங்க சார். வந்ததும் குடுத்துடறேன்."

மேலாளரிடம் அட்டவணையின் நகல் கேட்டேன். வெளியாளுக்குத் தர மாட்டாராம். அக்காவும் இப்போது வெளியாள்தான். தோற்றவர்கள் மெஷின் அறையைப் பெருக்கக்கூடப் போகக் கூடாது என்று உத்தரவு.

அடுத்த சோதனை பதினைந்தாம் தேதி. கண்காட்சி இருபதாம் தேதி வரை.

"பாராட்டெல்லாம் அவங்களே வச்சுக்கட்டும் சார்" என்றார் அக்கா. "என் தாள மட்டும் வாங்கிக் குடுங்க."

இன்று பன்னிரண்டு. தாள் வரவில்லை.