வாய் ஆடக் கூடாது

எங்கள் வீட்டில் மிக்சி ஓடும் சத்தம் எனக்கு முதன்முதலாகக் கேட்டது, என் சித்தி பேச்சை நிறுத்திய அந்த வாரத்தில்தான். அதுவரை அதையும் மீறிச் சித்தியின் குரல்தான் கேட்கும். பாபநாசத்தில் எங்கள் தெரு முழுக்க அவருக்கு வாயாடி என்று பெயர். அவரும் அதைப் பட்டம் மாதிரிதான் வைத்துக்கொண்டிருந்தார். அப்படிப்பட்டவர் வாயை மூடிக்கொண்டதற்குக் காரணம், சித்தப்பா கொல்லையில் நின்று போனில் பேசியதைக் கேட்டுவிட்டதுதான்.

"எவ்வளவு வயசானாலும் பரவால்லங்க. வாய் ஆடக் கூடாது, அதான் முக்கியம். வாய் ஆடுறது ஏற்கனவே ஒண்ணு நம்மகிட்ட கெடக்கு. அதை வச்சிக்கிட்டு நான் படுற பாடு போதும். ஞாயித்துக்கெழமை நேர்ல வந்து பாக்குறேன். புடிச்சிருந்தா அன்னைக்கே முடிச்சிடலாம்."

இதை ஓர் எழுத்து மாறாமல் அம்மாவிடம் ஒப்பித்துவிட்டு, "இன்னொருத்தியப் பாக்குறாருக்கா" என்றார் சித்தி. அதற்குப் பிறகு அவர் பேச்செல்லாம் அடுப்படிக் கிசுகிசுப்போடு சரி. சித்தப்பாவிடம் சோறு, தண்ணி, சாவி என்று ஒற்றைச் சொல்தான்.

சந்தேகம் என்று ஒன்று வந்துவிட்டால் வீட்டில் இருக்கிற சாமானெல்லாம் சாட்சி சொல்ல ஆரம்பித்துவிடும். வயலில் இருக்கும் மோட்டார் கொட்டகைச் சாவியைச் சித்தப்பா எதற்கு அரைஞாண் கயிற்றில் முடிந்து வைத்திருக்கிறார்? ஆபீசில் நாற்காலியைவிட்டு எழுந்திருக்காதவர் சட்டையில் மண்ணெண்ணெய் வாடை எப்படி வந்தது? "மண்ணெண்ணெய் விக்கிறவளா இருப்பாளோ?" என்று அம்மா யோசித்தார். பெரியவர்கள் இப்படி முகம் இருண்டு கிடந்தபோது, உண்மையைச் சொன்னால், எனக்கு ஒரே குஷி.

ஞாயிற்றுக்கிழமை காலையில், வேளாங்கண்ணி மாதாவுக்கு ஒரு வேண்டுதல் என்று சித்தப்பா கிளம்பினார். உள்ளூர்ப் பூசையில் பிரசங்கம் தொடங்கியதுமே தூங்கி விழுகிறவர் அவர். "இவளுக்கும் ஒரு வேண்டுதல் இருக்கு தம்பி, கூட்டிட்டுப் போங்க" என்று அம்மா என்னைத் தள்ளிவிட்டார். என் வேண்டுதல் என்ன என்பதைச் சித்தி முன்பே காதில் ஓதியிருந்தார். "மூஞ்சிய நல்லாப் பாத்து வை. அழகா இருக்காளான்னு வந்து சொல்லு."

பஸ்சில் சித்தப்பா தலையைச் சீவினார். சற்று நேரம் கழித்து மறுபடியும் சீவினார். ஜன்னலுக்கு வெளியே சம்பா பச்சைப்பசேல் என்று ஓடிக்கொண்டிருக்க, நான் அந்தச் சீப்பையே முறைத்துக்கொண்டு போனேன்.

வேளாங்கண்ணியில் கோயில் வாசலில் நின்று நெற்றியில் அவசரமாக ஒரு சிலுவை போட்டுக்கொண்டு, உள்ளே போகாமல் மீனவர் தெருப்பக்கம் நடையைக் கட்டினார். ஒரு வீட்டு வாசலில் மூக்குத்தி போட்ட ஒரு பெண் வாயெல்லாம் பல்லாக நின்றார். "வாங்க வாங்க, ஒங்களத்தான் பாத்துக்கிட்டு இருக்கோம்." அழகாகத்தான் இருந்தார். சித்தியிடம் இதை எப்படிப் போய்ச் சொல்வது?

அப்போது அவருடைய வீட்டுக்காரர் பழைய சேலைத் துணியில் எதையோ சுற்றி, பிள்ளையைத் தூக்குவதுபோல் எடுத்துவந்தார். பிரித்தால் ஒரு ஸ்க்ரூ ஸ்பேனர். வளைந்த பிடி, இரண்டு முனையிலும் திறந்து மூடுகிற வாய். படகுக்குப் புது இஞ்சின் வந்ததிலிருந்து அதற்கு வேலை இல்லையாம். சித்தப்பா உட்கார்ந்து திருகை உருட்டினார்; வாய் அகன்றது, சுருங்கியது.

"பாத்துக்கங்க, வாய் ஆடுதா?" என்றார் அந்தப் பெண்.

"கொஞ்சங்கூட ஆடல" என்றார் சித்தப்பா. அப்படியொரு பக்தியான குரலை அவரிடம் நான் பூசையில்கூடக் கேட்டதில்லை.

திரும்பும்போது, வீட்டில் மூச்சு விடக்கூடாது என்று கெஞ்சினார். முன்பு ஒருமுறை அவர் ஆசையாக வாங்கிவந்த ஒரு ஸ்பேனரைச் சித்தி பழைய இரும்புக்காரரிடம் போட்டுப் பேரீச்சம்பழம் வாங்கிவிட்டார். பழத்தில் பாதியைத் தின்றது நான்தான். அத்தோடு பழைய ஸ்பேனர் சேர்க்கிற கிறுக்கு ஒழிந்தது என்று நாங்கள் நினைத்திருந்தோம். மோட்டார் கொட்டகைக்குள் ஒரு குடும்பமே வைத்திருக்கிறார் என்று யார் கண்டது?

வாசல்படி ஏறும்போதே, "சித்தி, பொம்பள இல்ல, ஸ்பேனரு!" என்று கத்திவிட்டேன். விஷயம் புரிந்ததும் அம்மா சிரித்த சிரிப்பில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். குட்டு உடைந்த சித்தப்பா கொட்டகைக்கு ஓடி, மண்ணெண்ணெய் போட்டுத் துரு துடைத்து வைத்திருந்த ஸ்பேனர் எல்லாவற்றையும் அள்ளிவந்து சாக்கில் பரப்பினார். அதில் ஒன்றைப் பொறுக்கி ஆட்டிக் காட்டினார், கடகடவென்றது. "இதத்தான் சொன்னேன், வாய் ஆடுறதுன்னு."

சித்தி சிரிக்கவில்லை. அதைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

"இது ஆடுதுன்னு ஒங்களுக்கு எப்பங்க தெரிஞ்சுது?"

"கையில எடுத்த ஒடனே. நூலளவு ஆடுனாலும் எனக்குத் தெரிஞ்சுடும்" என்றார் சித்தப்பா பெருமையாக.

"நான் ஒரு வாரமா ஒங்ககிட்ட பேசல. அது தெரிஞ்சுதா?"

சித்தப்பா யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். "வீடு கொஞ்சம் அமைதியா இருந்த மாதிரி இருந்துச்சு" என்றார்.

சித்தி ஸ்பேனரைச் சாக்கில் வைத்துவிட்டு அடுப்படிக்குள் போய் அழுதார். எனக்குக் கோபமாக வந்தது. அவ்வளவு தூரம் போய் என் கண்ணால் பார்த்துவிட்டு வந்து சொல்லியிருக்கிறேன், இதில் அழுவதற்கு என்ன இருக்கிறது? ஒருவேளை என்னை நம்பவில்லையோ என்று நினைத்து, பின்னாலேயே போய் அவர் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தேன். "நெசமா சித்தி, யாருமே இல்ல."

அதைக் கேட்டதும் அவர் இன்னும் அதிகமாக அழுதார்.