சேலையில் ஒரு கைத்தடம்

பட்டாசுக் கம்பெனிகளில் வேலை பார்க்கும் பெண்களுக்குக் கருச்சிதைவு அதிகமா என்று ஆராய்வது என் தொழில். இரண்டாயிரமாம் ஆண்டுக்குப் பிந்தைய வருடங்களில் சிவகாசியைச் சுற்றி ஊர் ஊராக அலைந்தேன்.

விஸ்வநத்தம் பக்கம் ஒரு கம்பெனியில், வெடிமருந்து செலுத்தும் அறைக்குப் பின்னால், அங்கே வேலை பார்க்கும் மாரியம்மாள் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். கையெல்லாம் வெடிமருந்தில் கலக்கும் அலுமினியப் பொடி.

"தீபாவளி லோடு போற வரைக்கும் யார்ட்டயும் சொல்லிராதீக டாக்டரம்மா. மாசமா இருக்கேன்னு தெரிஞ்சா வேலைய விட்டு நிப்பாட்டிருவாக. என் சம்பளத்துலதான் வீடு ஓடுது" என்றாள்.

அதற்குள் போர்மேன் வந்துவிட்டார். "இந்தப் புள்ளைக்கு என்னம்மா செய்யுது?"

அந்தப் பொடி வயிற்றுப் பிள்ளைக்கு ஆகுமா என்று கண்டுபிடிக்கத்தான் நான் வந்திருந்தேன். ஆகாது என்றே உள்ளுக்குள் நினைத்தேன்.

"வெயில்தான். கொஞ்சம் மோர் குடுங்க" என்றேன்.

மாரியம்மாள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு மறுபடி அறைக்குள் போனாள். வயிற்றின் மேல் பளபளவென்று அவள் கைத்தடம்.

உண்மையைச் சொல்லியிருந்தால் அன்றே அவள் பிழைப்பு போயிருக்கும். சொல்லாததால் என்ன போனதோ, தெரியாது. தீபாவளி கழிந்து அந்த ஊரில் வீடு வீடாக ஏறி, "கரு கலைஞ்சிருக்காம்மா?" என்று பெண்களிடம் கேட்டேன். மாரியம்மாள் தெருவுக்கு மட்டும் என்னோடு கணக்கெடுக்க வந்த உதவியாளரை அனுப்பினேன். அவள் என்ன சொன்னாள் என்று இன்றுவரை அவரிடம் கேட்கவில்லை.